பதினேழு டிகிரி

கடைசி ரோலரை உருவியதும் முடி சுருண்டு மிக்தாலியாவின் உள்ளங்கையில் விழுந்தது. அதைச் சீப்பால் நெற்றியோரம் படியவைத்தாள். முப்பது வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அக்காவுக்குச் செய்கிற வேலைதான். இன்றைக்கு வியாழக்கிழமை, அக்கா படுத்திருக்கிறாள், தலையைப் பிடுங்குகிறாய் என்று சலித்துக்கொள்ளவில்லை. மற்றபடி எல்லாம் வழக்கம்போலத்தான்.

“நிக்க வெச்சிரலாம் தோன்யா,” என்றான் எட்கார்தோ, ஊரில் மூத்த பெண்களைக் கூப்பிடுகிற அந்த மரியாதைச் சொல்லோடு, மூன்றாவது முறையாக. “கரும்பலகை முன்னாடி. கையில சாக்பீஸ். பின்னால ரெண்டு சமன்பாடு எழுதி விட்டுரலாம். ஊரே பேசும்.”

இறுதிச் சடங்கு இல்லம் அப்பாவிடமிருந்து தன் கைக்கு வந்த நாளிலிருந்து, பெட்டியில் மல்லாந்து படுத்த பிணத்தை எட்கார்தோ பிணமாகவே மதிப்பதில்லை. போன வருஷம் ஒரு பஸ் டிரைவரை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தான். உயிரோடு இருந்தபோது மனுஷன் இத்தனை நிதானமாக ஓட்டிப் பார்த்ததில்லை என்று ஜனங்கள் சொன்னார்கள். அதற்கப்புறம் ஒரு சேவல் சண்டைக்காரர், பஞ்சடைத்த சேவலைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றார். இப்போதெல்லாம் அகுவாதா ஊரில் யாருக்கும் படுத்துக்கொண்டு போக மனசே வருவதில்லை.

“முப்பத்தொரு வருஷம் நின்னா அவ,” என்றாள் மிக்தாலியா. “கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டதுதான் மிச்சம். செத்தப்புறமும் நிக்கணுமா? உக்கார வை.”

“உக்காந்தா கம்பீரம் போயிரும் தோன்யா.”

“டேய், உனக்கு அவ கணக்குல எத்தனை போட்டா?”

எட்கார்தோ நாற்காலி எடுத்துவர ஆள் அனுப்பினான். நாற்பத்தைந்து வயதில், தொந்தியின் மேல் கறுப்பு டை கட்டிய ஆளை அடக்க இந்த ஊரில் அந்த ஒரு கேள்வி போதும். ஊரில் பாதிப் பேர் அக்காவிடம், அதாவது நெரெய்தா மிஸ்ஸியிடம், கணக்குப் படித்தவர்கள். அந்தப் பாதியில் பாதி, இரண்டு தடவை படித்தவர்கள்.

நாற்காலி வந்தது. எட்கார்தோ அதைச் சுற்றிச் சுற்றி வந்து அளந்தான். உட்காரவைத்தால் முன்பக்கம் வழுக்குவார்களாம். ஆசனத்தின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, அடியில் மர ஆப்பு கொடுக்க வேண்டும். எத்தனை டிகிரி என்று சொன்னால்தான் தச்சன் ரம்பத்தைத் திருப்பி வைப்பானாம். அவன் கண் மிக்தாலியாவின் கைப்பையில் போய் நின்றது. பையின் வாயில் நெரெய்தாவின் கால்குலேட்டர் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு செங்கல் நீளம், படம் வரையும் திரை, அழுக்கேறிய பட்டன்கள்.

“அத ஒரு நிமிஷம் குடுங்க.”

“எதையும் அழிச்சிராத. அதுக்குள்ள ஒண்ணு இருக்கு.”

“அழிக்க மாட்டேன். நாப்பத்தஞ்சு சென்டி நீளம். பதினாலு தூக்கணும்.” நாக்கைக் கடித்துக்கொண்டு பட்டன்களைத் தேடித் தேடி அமுக்கினான். “பூஜ்யம் புள்ளி மூணுன்னு வருது. இது என்ன சாய்வு, தண்ணி கூட ஓடாதே.” தலையைச் சொறிந்தான். ஏதோ ஒரு பட்டனை அமுக்கினான், இன்னொன்றை அமுக்கினான், மறுபடி கணக்கைப் போட்டான். முகம் மலர்ந்துபோயிற்று. “பதினேழு. பதினேழு டிகிரி. பாத்தீங்களா தோன்யா, நான் மறக்கல.”

இந்த எட்கார்தோதான் பதினாறு வயதில், டியூஷனுக்கு வந்த இடத்தில், சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, “இதெல்லாம் வாழ்க்கையில எங்க மிஸ்ஸி உதவப்போகுது?” என்று கேட்டவன். மிக்தாலியா அப்போது சமையலறை வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தாள், நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு நெரெய்தா அடுத்த கணக்கை அவன் பக்கம் நகர்த்திவைத்தாள்.

*

செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரிக் கட்டிலில், நெரெய்தா தெளிவாகத்தான் பேசினாள்.

“கல்லறைக் கல்லுல தேவதை வேண்டாம். விரிச்சு வெச்ச பைபிளும் வேண்டாம். பேருக்குக் கீழ, கால்குலேட்டர்ல இருக்கறத அப்படியே வெட்டச் சொல்லு. கிராஃப்னு ஒரு பட்டன் இருக்கும். அத அமுக்கினா போதும், உன்னால கூட முடியும்.”

“என்னது அது?”

“பாத்தா உனக்கே தெரியும்.”

“சொல்லேன், நெரி.”

“சொல்ல ஆரம்பிச்சா நீ நடுவுல புகுந்துருவ.”

“நான் எங்க புகுந்தேன்? நேத்து அந்த நர்ஸ் விஷயத்துலயா? இரு, அதுக்கு முன்னால நடந்தத சொல்லணும். அந்த நர்ஸ் முடிக்குச் சாயம் போட்டிருக்கா பாரு, அது எங்க போட்டதுன்னா…” என்று மிக்தாலியா புகுந்தாள். நர்ஸின் சாயம், சாயம் போட்டவள், அவளுடைய முதல் புருஷன் என்று ஒரு சுற்றுச் சுற்றி விஷயத்துக்குத் திரும்பியபோது நெரெய்தா சிரித்த வாயோடு தூங்கியிருந்தாள். மூன்று மணிக்கு இதயம் நின்றது.

அக்காள் தங்கை இருவரும் ஒரே வீட்டில் முப்பது வருஷம் இருந்தார்கள். மிக்தாலியா புருஷனை விட்டு, இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவள். கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு கண்ணாடியும் இரண்டு நாற்காலியும் போட்டுச் சலூன் வைத்தாள். இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை.

வீட்டில் சண்டைக்கு இருந்த காரணம் ஒன்றே ஒன்று: போன். சமையலறை வாசல் சுவரில் தொங்குகிற பழைய போன், சுருள் சுருளான நீள வயர். செல்போன் வந்தும் மிக்தாலியா அதை விடவில்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு அவள் சலூன்வரை நடப்பாள், வயர் சாப்பாட்டு மேசைக்கு மேலே கொடிபோல நீண்டுகொண்டே போகும். அதற்குக் கீழே நெரெய்தா உட்கார்ந்து பேப்பர் திருத்துவாள். காபிக்கு எழுந்தால் வயர் குறுக்கே நிற்கும். அப்போது மிக்தாலியா பேச்சை நிறுத்தாமலே இடது கையால் வயரை உயர்த்திப் பிடிப்பாள், நெரெய்தா குனிந்து போவாள். போகிறபோது, “எனக்கு ஒரே ஒரு ஆசை. நீ ஒரு கதையாவது நேரா சொல்லி நான் கேக்கணும்,” என்பாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய மூன்று வாரம் நெரெய்தா அந்த மேசையை விட்டு எழவில்லை. கட்டம் போட்ட நோட்டும் கால்குலேட்டருமாக உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். மிக்தாலியா எட்டிப் பார்த்தால் திரையைக் கையால் மூடினாள். என்னதான் செய்கிறாய் என்று கேட்டதற்கு, பாடம் எடுக்கிற குரலில் பதில் வந்தது:

“சாதாரண கிராஃப் திரும்பிப் பாக்காது. போனா போனதுதான், நம்ம கல்வி அதிகாரி சாந்தோனி மாதிரி. இது வேற. ஒரு வரி எவ்வளவு தள்ளின்னு சொல்லும். ஒரு வரி எவ்வளவு ஒசரம்னு சொல்லும். நேரம் நகர நகர ரெண்டும் சேந்து புள்ளிய இழுத்துட்டுப் போகும். இதுல வேணும்னா போன வழியே கொஞ்சம் திரும்பி வரலாம், மறுபடி போகலாம். யாரும் கேக்க மாட்டாங்க.”

“நல்லா இருக்கே,” என்றாள் மிக்தாலியா, ஒன்றும் புரியாமல். அப்போது போன் அடித்தது.

*

பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது.

நீலக் கவுனும் மூக்குக் கண்ணாடியுமாக, பதினேழு டிகிரி சாய்வில், நெரெய்தா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு கைக்கும் நடுவே கால்குலேட்டர், திரை ஜனங்களைப் பார்த்தபடி. உள்ளே வந்தவர்கள் வாசலிலேயே ஒரு கணம் நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள். நரைத்த தலைகள் கூட.

“என்னையே பாக்கறாங்கடி.”

“வீட்டுப்பாடம் முடிச்சியா?”

“எண்பத்தெட்டுல குடுத்ததா? இன்னும் இல்ல.”

சூடான சாக்லேட்டும் சீஸும் உப்பு பிஸ்கட்டும் சுற்றி வந்தன. வெளியே கார்களின் பக்கத்தில் பழைய மாணவர்கள் நாலு பேர் பறையைத் தட்டிப் பாட ஆரம்பித்திருந்தார்கள். மிஸ்ஸியிடம் எத்தனை மார்க் வாங்கினோம் என்பதுதான் பாட்டு. ஆளுக்கு ஒரு வரி, குறைந்த மார்க்குக்கு அதிகக் கைதட்டல். மிக்தாலியா வாசலுக்கும் நாற்காலிக்குமாக அலைந்து, வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஆஸ்பத்திரிக் கதையை முதலிலிருந்து சொன்னாள். எந்தத் தடவையும் அது ஒரே இடத்தில் ஆரம்பிக்கவில்லை.

கல் வெட்டுகிற சாகோ பென்சிலும் மெல்லிய தாளுமாக வந்தான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அடக்கம். நாலு மணிக்குள் படத்தைக் கொடுத்தால் ராத்திரிக்குள் வெட்டிவிடுவேன் என்றிருந்தான். கல்லைச் சகோதரிகள் பத்து வருஷத்துக்கு முன்பே சேர்த்து வாங்கிவிட்டார்கள். அகலமான ஒற்றைக் கல், இடது பாதி நெரெய்தாவுக்கு, வலது பாதி மிக்தாலியாவுக்கு. அந்தக் கல்லைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சாகோ மிக்தாலியாவை ஏற இறங்க அளப்பான். அவள் அதைத் தொழில் பழக்கம் என்று மன்னித்திருந்தாள்.

“அமுக்குங்க தோன்யா.”

மிக்தாலியா கிராஃப் பட்டனை அமுக்கினாள். திரையின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி முளைத்தது. ஊர்ந்தது. ஊர்ந்து, ஊர்ந்து, வலது ஓரம் போய் நின்றது.

ஒரு கோடு. அவ்வளவுதான்.

“இவ்ளோதானா?” என்றான் சாகோ. “நான் பெரிய உளியெல்லாம் கொண்டாந்தேன்.”

மிக்தாலியா மறுபடி அமுக்கினாள். மறுபடியும் கோடு. பாத்தா உனக்கே தெரியும் என்றாளே. மிக்தாலியா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

செய்தி பரவிற்று. கணக்கு தெரிந்தவர்களுக்கா அந்தக் கூடத்தில் பஞ்சம்? வரிசையே நின்றது. ஒவ்வொருவரும் முன்னால் வந்து, “மன்னிச்சுக்குங்க மிஸ்ஸி,” என்று சொல்லி, இறந்தவளின் விரல்களுக்கு நடுவிலிருந்து கால்குலேட்டரை உருவி, பட்டனை அமுக்கி, கோட்டைப் பார்த்து, திரும்ப விரல்களுக்குள் சொருகிவிட்டுப் போனார்கள். மருந்துக்கடைக்காரர் பேட்டரி வீக் என்றார். பாலம் கட்டுகிற இன்ஜினியர் ஒருவர் சமன்பாடுகளையே திறந்து பார்த்தார். இரண்டு வரி இருந்தது. T, அதில் ஒரு சைன், அடுத்ததில் ஒரு கொசைன். கன்னத்தைத் தடவினார். “இது கொஞ்சம் மேல்மட்ட விஷயம்,” என்று சொல்லிவிட்டு சீஸ் எடுக்கப் போனார். போலீஸ்காரி யாரித்ஸா, வகுப்பில் முதலாவதாக வந்தவள், சீருடையோடு குனிந்து திரையை மூக்கோடு ஒட்டிப் பார்த்தாள்.

“கடைசியில ஒரு புள்ளி மேல ஏறுது தோன்யா. ஒரே ஒரு புள்ளி.”

“அப்படின்னா?”

“தெரியல.”

தெரியாததை அர்த்தப்படுத்த ஒரு ஆள் தயாராகக் காத்திருந்தார். டாக்டர் சாந்தோனி எழுந்து நின்றார். ஓய்வுபெற்ற வட்டாரக் கல்வி அதிகாரி. டாக்டர் என்பது ஊசி போடுகிற டாக்டர் அல்ல, கல்வி நிர்வாகத்தில் டாக்டர். ஊரில் எந்த சாவுக்கும் அவர் இரங்கல் உரை உண்டு. யாரும் கூப்பிடாத சாவுக்குக் கொஞ்சம் நீளமான உரை. நெரெய்தா வகுப்புக்கு இருபது கால்குலேட்டர் கேட்டு எழுதியபோது, கடவுள் பத்து விரல் கொடுத்திருக்க இயந்திரம் எதற்கு என்று பதில் சுற்றறிக்கை அனுப்பியவர் அவர்தான். பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் வறுத்த அப்பம் விற்று அதை வாங்கினார்கள்.

“அன்பர்களே,” என்று ஆரம்பித்தார். “இந்த மாவட்டத்தில் முதன்முதலாக நாம் கணிப்பான்களை அறிமுகப்படுத்தியபோது…”

கூடத்தின் பின்பக்கம் யாரோ இருமினார்கள். அது இருமல்தானா என்று சொல்ல முடியாது.

“…இந்தக் கோட்டைப் பாருங்கள். இது வெறும் கோடல்ல. தொடுவானம். வளையாமல், தடுமாறாமல், ஒரு கணமும் திரும்பிப் பாராமல் சென்ற ஓர் ஆசிரியையின் வாழ்வு. எல்லாப் பேச்சும் அடங்கிய பேரமைதி. இறுதியில் எழுகிறதே அந்த ஒற்றைப் புள்ளி, அது என்ன?” நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். “உயிர்த்தெழுதல்.”

பலமான கைதட்டல். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். இன்ஜினியர், “அதத்தான் நான் சொல்ல வந்தேன்,” என்றார்.

மிக்தாலியா சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லாப் பேச்சும் அடங்கிய பேரமைதி. அப்படியானால் விஷயம் அதுதான். நீ ஒரு கதையாவது நேராகச் சொல்லிக் கேட்கணும் என்று முப்பது வருஷம் சொல்லிப் பார்த்தவள், போகிறபோது ஒரு நேர்கோட்டைக் கல்லிலேயே வெட்டிவைத்துவிட்டுப் போகிறாள். வாயை மூடு மிக்தா. அதையும் ஊர் பார்க்க, மழைக்கும் வெயிலுக்கும் அழியாமல்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பதினைந்து நிமிஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. கூடம் கலவரமாகிவிட்டது. ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். ஒருத்தி ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை எடுத்துவரக் காருக்கு ஓடினாள்.

“அப்ப கோடே போட்டுரவா தோன்யா?” சாகோ தயங்கித் தயங்கி வந்து நின்றான். “மூணேமுக்கா ஆச்சு.”

“இரு.”

அவள் எழுந்து அக்காவின் முன்னால் போய் நின்றாள். நேற்று அவளே பூசிய நகச்சாயம் ஒரு விரலில் ஓரமாக வழிந்திருந்தது. கால்குலேட்டரை உருவிக்கொண்டாள். அமுக்கினாள். புள்ளி முளைத்து, திரும்பிப் பாராமல் போய்ச் சேர்ந்தது. திரும்பிப் பாராமல். யாரைப் பற்றி அப்படிச் சொன்னாள் நெரெய்தா? சாந்தோனியைப் பற்றியல்லவா சொன்னாள். அதைச் சொல்லிச் சிரித்தவள், அதையே தன் கல்லில் வெட்டிக்கொள்ள மூன்று வாரம் உட்கார்ந்து வேலை செய்வாளா?

இதில் ஏதோ தப்பு இருக்கிறது.

தப்பு இருக்கிறது என்று தோன்றிய அந்த நிமிஷமே அவள் வாயில் அது வந்தது. முப்பது வருஷம், சாயங்காலம்தோறும், காதில் போனோடு கேட்டுக்கொண்டே இருந்தது. மேசையில் எந்தப் பிள்ளையாவது, மிஸ்ஸி எனக்குத் தப்பா வருது என்றால், நெரெய்தா தலையைக்கூடத் தூக்காமல் ஒரே கேள்வி கேட்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று மிக்தாலியா ஒரு நாளும் கேட்டதில்லை. ஏதோ இரண்டு மாத்திரையின் பேர் என்று நினைத்திருந்தாள். ஆனால் அந்தக் குரல், அந்த இழுப்பு, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். சகோதரிகள் இருவருக்கும் குரல் ஒன்று.

“ரேடியனா, டிகிரியா?”

கூடம் அப்படியே நின்றுபோயிற்று. சாக்லேட்டில் தோய்த்த பிஸ்கட் ஒன்று ஊறி, ஒடிந்து, கோப்பைக்குள் விழுந்த சத்தம் கேட்டது. ஐம்பது, அறுபது பேர், அதில் மூன்று டீச்சர்கள், ஒரு நீதிபதி. அத்தனை பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைத்தான் பார்த்தார்கள்.

யாரித்ஸா மெல்ல முன்னால் வந்தாள். கால்குலேட்டரை வாங்கி ஒரு பட்டனை அமுக்கினாள். காதுவரை சிவந்துபோனாள்.

“டிகிரி,” என்றாள். “கோணத்த தப்பான அளவுல எடுத்திருக்கு, வளைவெல்லாம் படுத்துப்போச்சு.”

“யாருமே பாக்கலியா?”

“நீ பாத்தியா?”

“வரிசையில இருபது பேர் நின்னோமே.”

“தொப்பி வேற போட்டிருக்கா, போலீஸு.”

“இன்ஜினியரக் கேளுங்கய்யா, பாலம் எந்த மோட்ல கட்டுறாருன்னு. நான் தினம் அதுலதான் போறேன்.”

“மிஸ்ஸி எப்பவும் ரேடியன்லதானே வெச்சிருப்பாங்க,” என்றாள் யாரித்ஸா. “இத யாரு மாத்தினது?”

பதில் பின்பக்கக் கதவோரத்திலிருந்து வந்தது. எட்கார்தோ டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். “நாற்காலிக்கு,” என்றான். “ஆப்பு வெட்டணும்னு. மொதல்ல புள்ளி மூணுன்னு வந்துது. நான்தான் டிகிரிக்கு மாத்தி… திருப்பி வைக்க மறந்துட்டேன்.”

சிரிப்பு முதலில் எங்கிருந்து கிளம்பிற்று என்று தெரியவில்லை. கிளம்பிய பிறகு அதை நிறுத்த யாராலும் முடியவில்லை. மருந்துக்கடைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். வெளியே பறை தட்டியவர்கள் என்ன விஷயம் என்று உள்ளே எட்டிப் பார்த்து, கேட்டு, அதற்கும் ஒரு வரி கட்டிவிட்டார்கள்.

“மிஸ்ஸி செத்தப்புறமும் அவங்க முன்னாடியே ஃபெயிலாகறான் பாரு.”

“இல்ல,” என்றாள் மிக்தாலியா. “கணக்கு சரியாத்தான் போட்டிருக்கான். பாரு, அவ வழுக்கவே இல்ல.”

எட்கார்தோ தலையைக் குனிந்துகொண்டான். அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. யாரித்ஸா மோடை மாற்றி கால்குலேட்டரை மிக்தாலியாவின் கையில் வைத்தாள். “நீங்களே அமுக்குங்க தோன்யா.”

அமுக்கினாள்.

இடது ஓரத்தில் புள்ளி முளைத்தது. முளைத்ததும் முன்னால் போகாமல் கொஞ்சம் பின்னால் போனது. பிறகு மேலே ஏறி, ஒரு பெரிய வளைவு வளைந்து கீழே இறங்கியது. இறங்கிய இடத்தில் நிற்காமல், எதையோ விட்டுவிட்டு வந்ததுபோல வந்த வழியே சற்றுத் திரும்பி, ஒரு சின்னச் சுருளைப் போட்டுக்கொண்டு மறுபடி மேலே கிளம்பியது. இன்னொரு வளைவு. இன்னொரு திரும்பல். இன்னொரு சுருள். அந்தப் பழைய கால்குலேட்டர் அவசரமே இல்லாமல் வரைந்தது. சுருள் பின்னால் சுருளாக, இழுத்துக் கட்டியதுபோல, திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை.

இரண்டாவது சுருளில் மிக்தாலியா வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவதில் பொத்திய கைக்குள்ளிருந்து சத்தம் வந்துவிட்டது. தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கைக்குட்டை நீட்டிய நீதிபதி, முகத்தைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையைத் திரும்ப மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“அலை,” என்றார் மருந்துக்கடைக்காரர். “நம்ம கடற்கரை அலை.”

“இல்ல, முடி. தோன்யா போட்டுவிடற சுருட்டை.”

“கண்டிப்பா ஸ்பிரிங்,” என்றார் இன்ஜினியர், இழந்த மரியாதையை மீட்டுக்கொள்ள.

டாக்டர் சாந்தோனி மறுபடி எழுந்தார். “நான் குறிப்பிட்ட தொடுவானத்தின் கீழே எப்போதும் அலைகள் இருக்கத்தானே செய்கின்றன, ஆகவே…” பக்கத்தில் இருந்த கிழவி அவர் கையில் ஒரு கோப்பை சாக்லேட்டைக் கொடுத்து உட்காரவைத்தாள்.

“என்ன தோன்யா அது?” என்று கேட்டாள் யாரித்ஸா. “உங்களுக்குத் தெரியுதா?”

கூடம் காதைத் தீட்டிக்கொண்டது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி மிக்தாலியாவை யாரும் பார்த்ததில்லை. இதற்கு இருட்டும்வரை ஆகும் என்று சிலர் நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

“தெரியுது,” என்றாள் மிக்தாலியா. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

சாகோ மெல்லிய தாளைத் திரைமேல் வைத்துப் பார்த்தான். “இத எவ்வளவு அகலத்துக்கு வெட்ட? அவங்க பேருக்குக் கீழ மட்டுமா?”

அவள் திரையைப் பார்த்தாள். நெரெய்தா எதையும் கட்டத்துக்குள் அளந்து வைக்கிறவள். இந்தக் கோடியில் தொடங்கியது அந்தக் கோடியில் போய்த்தான் முடிந்திருந்தது.

“கல்லு முழுக்க,” என்றாள்.

“உங்க பாதிக்கும் வந்துருமே தோன்யா.”

“வரட்டும். மொதல்ல கொஞ்சம் பின்னால போகுது பாரு, அத விட்டுராத.”

*

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக மஞ்சளாக உள்ளே விழுந்திருந்தது. ஓர்லாண்டோவிலிருந்து ஐதே. பள்ளிக்கூட நாளிலிருந்து தோழி.

“இப்பத்தான் வந்தேன். இரு, செருப்பக் கழட்டிக்கறேன். ஆமா, நீலக் கவுன்தான். உக்காந்துதான். உனக்கு அங்க யாரு அதுக்குள்ள சொன்னது? அவளா? அவளுக்கு என்ன தெரியும், அவ சீஸ் பக்கத்துலயேதான் நின்னா.” தோளில் போனை இடுக்கிக்கொண்டு மிக்தாலியா நடந்தாள். வயர் அவள் பின்னால் நீண்டு வந்து மேசைக்கு மேலே நின்றது. “நான் சொல்றேன் கேளு. எட்கார்தோ இருக்கான்ல, அவன் என்ன பண்ணினான்னா… இரு, அதுக்கு முன்னால நடந்தத சொல்லணும். காலைல நான் ரோலர உருவறேன்…”

மேசையில் கட்டம் போட்ட நோட்டு திறந்தபடியே கிடந்தது. பக்கம் முழுக்கப் பென்சில் புள்ளிகள், நெருக்கமாக, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஒரு எண். வெயிலில் வயரின் நிழல் நோட்டின் மேல் விழுந்து, சுருள் சுருளாக, புள்ளிகளுக்குச் சற்றுத் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. மிக்தாலியா பேச்சை நிறுத்தாமல் அரை அடி நகர்ந்தாள். நிழலும் நகர்ந்து புள்ளிகளின் மேல் போய் உட்கார்ந்தது.

“…இல்ல இல்ல, ரோலருக்கும் முன்னால. செவ்வாக்கிழமைலேர்ந்து வரணும்,” என்றாள் போனில். சொல்லிக்கொண்டே, மேசைக்கும் அடுப்புக்கும் நடுவே குறுக்கே நின்ற வயரை இடது கையால் உயர்த்திப் பிடித்தாள். ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு. கதை முடியும்வரை கையை இறக்கவில்லை.